சான்றிதழ் இல்லாத அறுபத்தாறு நாள்கள்

மார்ச் மூன்றாம் தேதிதான் ரூபினிக்கு விஷயம் தெரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தாயில் அவள் நடத்தும் கால்நடை கிளினிக்குக்கு மருந்து அனுப்பும் நிறுவனம், மருத்துவம் பார்ப்பதற்கான இந்த ஆண்டுச் சான்றிதழின் நகலைக் கேட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்தது போன ஆண்டுடையது. டிசம்பரிலேயே விண்ணப்பித்தோமே என்று மின்னஞ்சலைத் துழாவினாள். விளம்பரக் குப்பைகளுக்கு நடுவே கால்நடை மருத்துவக் கழகத்தின் பதில் கிடந்தது. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பயிற்சிப் புள்ளிகளில் இரண்டு குறைகின்றன, விண்ணப்பம் திருப்பப்படுகிறது என்று இருந்தது.

இரண்டு மாதமாக அவள் ஊசி போட்டதும் அறுவை சிகிச்சை செய்ததும் எல்லாம் அனுமதி இல்லாமல். மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம். ஐந்து வருடப் படிப்பு, ஒன்பது வருட உழைப்பு.

அன்றே கிளினிக்கைப் பூட்டினாள். வீட்டிலிருந்தே இணையப் பயிற்சியில் சேர்ந்து விட்டுப்போன புள்ளிகளை எடுத்தாள். ஆனால் புதிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. சான்றிதழ் இல்லாத காலத்தில் மருத்துவம் பார்த்தீர்களா? ஆம், இல்லை.

"இல்லன்னு போடு ரூபி," என்றான் கணவன் யுவனேஸ்வரன். "யாரு வந்து எண்ணிப் பார்க்கப் போறா?"

அவள் எதையும் போடாமல் கணினியை மூடினாள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

ஏழாம் தேதி மதியம் வீரன் போன் செய்தார். ஈஜோக்கில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக எட்டு மாடு வளர்ப்பவர்.

"டாக்டர், செவல மாடு காலையிலேர்ந்து முக்குது. கன்னோட ரெண்டு கால் மட்டும்தான் வெளிய தெரியுது. ஓடி வாங்க டாக்டர்."

"அங்கிள், நான் இப்போ பார்க்கக் கூடாது. அரசாங்க டாக்டரக் கூப்பிடுங்க."

"கூப்ட்டாச்சு. சபாக் பெர்ணம் போயிருக்காராம், வர அஞ்சு மணி ஆவுமாம். அதுவரைக்கும் தாங்காது லா."

ராவாங்கில் தெரிந்த இரண்டு மருத்துவர்களைக் கேட்டாள். இருவரும் நாய், பூனை மட்டுமே பார்ப்பவர்கள். கார் சாவியை எடுத்தாள். வழியில் கதவில் அரசாங்கச் சின்னம் போட்ட வண்டி ஒன்று பின்னாலேயே வந்தது. அது வேறு பக்கம் திரும்பும்வரை பின்பார்வைக் கண்ணாடியையே பார்த்தபடி ஓட்டினாள்.

கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. தோள்வரை கையை விட்டு, தலையைத் திருப்பி, கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தாள். முக்கால் மணி நேரம். கன்று விழுந்தது, மூக்கைத் துடைத்துத் தேய்த்ததும் தும்மியது. வீரன் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் மகள் மாலா கையில் போனோடு நின்றதை ரூபினி கவனிக்கவில்லை.

மறுநாள் காலை யுவனேஸ்வரன் அவள் முன் தன் போனை நீட்டினான். மாலா போட்ட வீடியோ, மேலே ஒரு வரி: "நேத்து எங்க செவலையக் காப்பாத்துன டாக்டர் ரூபினி!" நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். முகம், பெயர், தேதி, எல்லாம் இருந்தது.

உடனே மாலாவை அழைத்தாள்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க மாலா."

"ஏன் டாக்டர்? எல்லாரும் நல்லாத்தானே எழுதியிருக்காங்க?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "எங்கிட்ட இந்த வருஷ லைசென்ஸ் இல்ல."

"ஐயோ, எங்களால மாட்டிக்கிட்டீங்களா? இப்பவே எடுத்துர்றேன்."

மாலா எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் எத்தனை போன்களில் அதைச் சேமித்திருப்பார்களோ. இனி யார் போனைக் கையில் எடுத்தாலும் பயப்பட வேண்டும், ஆயுசுக்கும். ரூபினி விண்ணப்பத்தைத் திறந்து 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஜனவரி ஒன்றிலிருந்து அறுபத்தாறு நாள்கள், கடைசி நாள் தெரிந்தே செய்தது என்று எழுதி அனுப்பினாள். பிறகு கணவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"உன்னயே நீ மாட்டி விட்டுட்ட," என்றான் யுவனேஸ்வரன். அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

மே மாதம் புத்ராஜெயாவில் மருத்துவக் கழகத்தின் விசாரணை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணி மலாயில் கேட்டார்: "அனுமதி இல்லை என்று தெரிந்தும் போனீர்களா?"

"தெரிஞ்சுதான் போனேன்."

"மறுபடியும் இப்படி ஒரு நிலைமை வந்தால்?"

என்ன சொன்னால் தப்பிக்கலாம் என்று மனம் தேடியது. "தெரியல மேடம்," என்றாள். "ஆனா சான்றிதழ் இல்லாம இருக்கிற நிலைமைய வர விட மாட்டேன்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. ரூபினியால் பிரிக்க முடியவில்லை. யுவனேஸ்வரன்தான் பிரித்து நின்றபடியே படித்தான். எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. செப்டம்பர்வரை எந்த விலங்குக்கும் மருத்துவம் பார்க்கக் கூடாது. பெயர் பதிவேட்டில் நீடிக்கும்.

"கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க," என்றாள்.

அவன் படித்தான். அவள் அந்தத் தாளை வாங்கி, தன் கண்ணாலும் ஒரு முறை படித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.