இடது கன்னம்

முப்பதாம் நாள் காலை அவள் வீட்டுக்காரர் கைபேசியோடு ஜன்னலோரம் வந்து நின்று, "முகத்தைக் கழுவிட்டு வா" என்றார். அவள் கழுவித் துடைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் இடது கன்னத்தைப் படமெடுத்தார், பிறகு வலது. ஒரு மாதமாக இதே ஜன்னல், இதே வெளிச்சம், இதே நாற்காலி.

பத்தொன்பது வருஷமாக ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. பிளீச்சிங் நெடி விரலிலிருந்து தலைமுடி வரை ஏறியிருந்தது. எந்த சோப்புக்கும் அது மசியவில்லை. ஒருநாள் ஏதோ ஓர் அறையிலிருந்து வந்த தலையணை உறையை உதறியபோது, வெள்ளரிக்காயை அப்போதுதான் நறுக்கியதுபோல் குளுமையாக ஒரு வாசனை எழுந்தது. உறையை மூட்டையில் போட மனம் வராமல் நின்றாள். அறை துடைக்கும் பெண்ணிடம் விசாரித்து, அந்த அறையில் தங்கியவர் பூசும் முகக் கிரீமின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கியும் விட்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். டப்பாவைப் பார்த்ததும் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். முப்பது நாளில் சுருக்கம் மறையாவிட்டால் பணம் வாபஸ்.

"ஓடுதா ஓடலையான்னு பார்க்காம எந்த மெஷினையும் நான் விட்டதில்ல. இடது கன்னத்துல மட்டும் போடு, வலதை அப்படியே விடு. ரெண்டையும் வச்சுப் பார்ப்போம்."

நியாயமான பேச்சு. அதனாலேயே மறுக்க வழியில்லை.

இரண்டு நாள் சொன்னபடி கேட்டாள். மூன்றாம் நாள், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இடது கன்னத்தில் தடவியவள், விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை வலது கன்னத்தில் இழுத்தாள். மறுநாள் மிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. நெற்றி, கழுத்து, காதுமடலின் பின்பக்கம் என்று விரல் தானாகப் போயிற்று. வெளியிலிருந்து கூப்பிட்டால் குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாதமாதிரி இருந்தாள். அந்த ஐந்து நிமிஷமும் கண்களை மூடியே இருந்ததால், சுருக்கம் போயிற்றா என்று கண்ணாடியில் பார்க்கத் தோன்றவே இல்லை. பிறகு ஜன்னலோரம் வந்து, திருடி அகப்பட்டவள்போல் கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். ஒருநாள் அவர் புருவத்தைச் சுருக்கி, ரெண்டு பக்கமும் பளபளக்கிறதே என்றார். வேர்வை என்று சொல்லிச் சமாளித்தாள்.

இப்போது அவர் மேஜையில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்ல. ஏமாத்திட்டானுங்க உன்னை."

குரலில் குத்தல் இல்லை, அவளுக்காக வருத்தப்பட்டார். டப்பாவின் மூடியைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்து, ரசீதோடு பையில் போட்டார். போகிற வழியில் கடையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வாயைத் திறந்தால் ஒரு மாதப் பொய் வெளியே வரும்; திறக்காவிட்டால் டப்பா போய்விடும்.

"நான் ரெண்டு பக்கமும்தான் போட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "எப்பலேர்ந்து?"

"மூணாம் நாள்லேர்ந்து."

கைபேசியை எடுத்து முதல் நாள் படத்தைத் தேடினார். அதையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது. "அப்ப இது வேலை செய்யுதா, இல்லையா?"

"தெரியாதுங்க. அதை நான் பார்க்கவே இல்ல. எனக்கு அது பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

அந்தச் சொல்லை எந்தக் கருவி வைத்துச் சோதிப்பது என்று தெரியாதவர்போல் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிக் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றார் பையைப் பார்த்து.

வேலைக்கு நேரமாகியும் அவள் நகரவில்லை. அவர் வாசல் பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலில் ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டினார். மற்றதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவர் மணிக்கட்டில் தொங்கிய பை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.