கால் மண்

முத்துத்தாய் மத்தியானச் சோற்றைத் தனியாகத் தின்று பழகாதவள். புருசன் போய்ச் சேர்ந்து, ஒரே மகள் ஓசூரில் வாக்கப்பட்ட பிறகும் அதற்குப் பங்கம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஒச்சம்மா தூக்குவாளியோடு வரப்பைத் தாண்டி, வெறுங்காலோடு தர்ப்பூசணிக் கொடிகளுக்கு நடுவே வந்துவிடுவாள். மோட்டார் ரூம் நிழலில் அலங்காநல்லூர் வட்டாரமே அலசப்படும்.

மாசியில் முத்துத்தாயின் கொடிகள் வெயிலுக்குத் துவண்டன. முதலில் சாயங்காலம் நிமிர்ந்தன; பிறகு நிமிரவே இல்லை. பார்க்க வந்த வேளாண்மை ஆபீசர் தண்டைக் கீறிக் காட்டினார். உள்ளே பழுப்பு.

"வாடல் நோய்ம்மா. மண்ணுல இருக்கிற பூஞ்சாணம், ஏழெட்டு வருசம் சாகாது. கால்ல ஒட்டுன மண்ணு போதும், அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். யாரையும் உள்ள விடாதீங்க."

அன்றே ஒச்சம்மாவிடம் சொன்னாள். அவள் சிரித்தாள்.

"செடிக்கு நோக்காடுன்னா உன்னயத் தனியா விட்டுருவேனாக்கும்? போ மதினி."

மறுநாள் முன்னைவிடச் சீக்கிரம் வந்தாள், கருவாட்டுக் குழம்போடு. பாவி, இப்படியா ஒருத்தி பாசம் வைப்பாள்! போகும்போது முத்துத்தாய் குடம் தண்ணீரையும் ஊற்றி அவள் காலைக் கழுவிவிட்டாள். "நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. பத்து நாளில் ஒச்சம்மாவின் தோட்டத்துத் தர்ப்பூசணிக்குக் காய் வெட்டு. அந்த வெள்ளாமையை நம்பித்தான் மகன் பாண்டிராஜுக்குக் கல்யாணத் தேதி குறித்திருந்தாள்.

மூன்றாம் நாள் முத்துத்தாய் வரப்பிலேயே மறித்தாள்.

"அங்கேயே நில்லு. உன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான் என் கொடி கருகுச்சு. எம்புட்டு நாளாப் பொறாமைப்பட்டயோ! இனி இங்க கால் வைக்காத."

ஒச்சம்மாவின் முகம் செத்துப்போனது.

"என்னயவா சொன்ன?"

"உன்னயத்தான்."

ஒச்சம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முத்துத்தாயின் தோட்டத்துக்குள் தூற்றினாள்.

"செத்தாலும் உன் மண்ண மிதிக்க மாட்டேன்டி!"

முத்துத்தாயின் கண் அந்தக் கையைத்தான் பார்த்தது. நல்லவேளை, அள்ளியது ஒச்சம்மாவின் பக்கத்து மண்.

பத்தாம் நாள் ஒச்சம்மாவின் தோட்டத்தில் மினி லாரி நிறைந்தது. ஒரு கொடிகூட வாடவில்லை. பரவை மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்பியபோதும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு கல்யாணப் பத்திரிகை ஊரில் வீடு வீடாகப் போனது, ஒரு வீட்டைத் தவிர.

விஷயத்தைச் சொன்னால் ஒச்சம்மா அந்த நிமிசமே வெறுங்காலோடு ஓடிவருவாள். ஏழெட்டு வருசம் கழித்துத்தான் சொல்ல வேண்டும், அதுவரை இருவரும் இருந்தால்.

மத்தியானம் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. முத்துத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.