வேண்டாம் கூடை

பட்டறையின் மூலையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடை உண்டு. பழுதுபார்க்க வந்து, ஆகும் செலவைக் கேட்டதும் உரிமையாளர்கள் கைகழுவிவிட்டுப் போன கருவிகள் அதில் சேரும். சீட்டில் அவர்களே 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பொருள் கூடைக்குப் போய்விடும். மெக்கானிக்கின் மனைவி அதற்கு வேண்டாம் கூடை என்றே பெயர் வைத்திருந்தாள்.

"இந்த மனுஷனுக்கு வேணும்ங்கிறது எல்லாமே அந்த வேண்டாம் கூடையிலதான் கிடக்குது" என்பாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. பேட்டரி டிரில் பெரும்பாலும் பேட்டரியால்தான் செத்துப்போகிறது. உள்ளே மோட்டார் குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கும். பல்சக்கரங்களை நீக்கிவிட்டு மோட்டாரை மட்டும் எடுத்து, அதன் முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையில் விசிறித் தண்டை மாட்டினால், ரிமோட்டில் ஓட்டும் ஒரு முழ நீளப் படகு தண்ணீரில் அம்பாகப் பாயும்.

மெக்கானிக்கும் அவர் மனைவியின் தம்பியும் இப்படி ஆறு படகுகள் கட்டியிருந்தார்கள். தம்பி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். வாய் ஓயாததால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். ஆறு படகுகளில் இரண்டு மூழ்கின. ஒன்று பின்பக்கமாகவே ஓடியது. மற்ற மூன்றும் ஊர்ப் படகுப் போட்டிகளில் ஒரு பல் டாக்டரின் படகிடம் தோற்றன.

"உங்க படகு ஓடினா, லீவு நாள்லயும் கிளினிக்ல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு மெக்கானிக். அதே சத்தம்!" என்று டாக்டர் சிரிப்பார்.

ஏழாவது படகுக்குக் கிடைத்த மோட்டார் புதிதுபோல் பளபளத்தது. அந்த டிரில்லைக் கொண்டுவந்தவர் யாரென்று மெக்கானிக் பார்க்கவில்லை. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் ஒருவர் அதைக் கல்லாமேல் வைத்து, தானே சீட்டெழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 'பேட்டரி மட்டும். மோட்டார் வேண்டாம்.'

"பேட்டரியை மட்டும் சரிபண்ணிக் கொடுத்தா போதுமாம் மாப்ள, வேற மெஷினுக்குப் போடுவாரு போல. மோட்டாரை நமக்கே விட்டுட்டாரு. தங்கமான மனுஷன்" என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோனார். அந்த முகம் தெரியாதவர் நன்றாயிருக்க வேண்டும் என்று அன்று விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்ளவும் செய்தார்.

சனிக்கிழமை காலை, பூங்காக் குளத்தில் போட்டி. மூன்று வட்டம் ஓடும் முதல் சுற்றிலேயே ஏழாவது படகு பல் டாக்டரின் படகை இரண்டு படகு நீளத்துக்கு முந்தியது. ரேடியோ குளக்கரையில் குதித்த குதியில் ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது.

"பார்த்தீங்களா டாக்டர்? இது சத்தம் இல்ல, சங்கீதம்! பதினோரு மணிக்கு நம்ம ரெண்டு படகுக்கும் ஃபைனல். உங்களுக்கு வேற அப்பாயின்ட்மென்ட் இருந்தா இப்பவே போயிடுங்க!"

மெக்கானிக் முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார். நாலு வருடம் தோற்றவருக்கு ஒரு சனிக்கிழமையாவது ஜெயிக்கக் கொடுத்துவைக்க வேண்டாமா?

அப்போதுதான் அவர் மனைவி வேகமாக வந்தாள். பின்னால் மரத்தூள் படிந்த சட்டையோடு ஒரு தச்சர். அவள் துணிப்பையிலிருந்து எடுத்த டிரில்லைப் பார்த்ததும் மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. வயிறு காலியான டிரில் அது.

"போன் எடுக்க மாட்டீங்களா? இவர் தன்னோட மெஷினை வாங்க வந்திருக்காருங்க. மோட்டார் எங்கேன்னு கேக்குறாரு" என்றாள். 'எங்கே' என்ற சொல்லை மட்டும் பல்லைக் கடித்துச் சொன்னாள்.

"பேட்டரிதானே மாத்தச் சொன்னேன்?" என்றார் தச்சர். "மோட்டார் வேண்டாம்னு எழுதியே வெச்சேனே. போன கடையில ஒருத்தன் தேவையில்லாம அதைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டான். அதான் தொட வேண்டாம்னு எழுதினேன்."

தொட வேண்டாம்! மெக்கானிக் வாய் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டான்.

"மோட்டார் கம்பெனிக்குப் போயிருக்குண்ணே. சர்வீஸுக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துடும்."

"ரெண்டு மணியா? ஒரு மணிக்கு அந்தம்மா வந்துடுவாங்களே!" தச்சர் பதறினார். "ரிட்டயர்டு டீச்சர்ங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு அஞ்சு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. பாத்ரூமுக்குக்கூட இன்னொருத்தர் கையைப் பிடிச்சுத்தான் போகணும்னு அழுதாங்க. வரும்போது சுவத்துல கைப்பிடி இருக்கும்னு வாக்குக் கொடுத்திருக்கேன். வேற டிரில்லாவது கொடுங்க."

"இருந்த ஒண்ணையும் நேத்து பிளம்பருக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் மனைவி, கணவரையே பார்த்துக்கொண்டு.

ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மெக்கானிக் இனி வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். நாம் செய்யும் தவறுகளில் பாதி இப்படிச் சும்மா நிற்பதிலேயே நடந்துவிடுகிறது. கடவுள் புண்ணியத்தில் அவருக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. உங்க மோட்டார் அதோ, அந்தப் படகுக்குள்ள இருக்கு" என்றார்.

எப்படி அங்கே போனது என்பதையும் சொன்னார். தச்சர் படகைப் பார்த்தார். டிரில்லைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இப்ப ஜெயிச்சதே, அதுவா? என் மோட்டாரா அது?" என்று கேட்டார். குரலில் பெற்ற பிள்ளை பாஸானதைக் கேட்டவரின் பூரிப்பு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து இருபதுதான் ஆகுது. ஃபைனலை இப்பவே வெச்சுக்கலாமே? நாலஞ்சு நிமிஷம். அப்புறம் மோட்டாரை எடுத்துக்கட்டும்."

"ஓட்டுங்க ஓட்டுங்க, நானும் பார்க்கிறேன்!" என்றார் தச்சர்.

ரேடியோ இரு கையையும் வானத்துக்குத் தூக்கினான். மெக்கானிக் படகின் மூடியைத் திறந்து மோட்டார்மேல் விரலை வைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் விரலை இழுத்துக்கொண்டார். மூன்று வட்டத்துக்கே இந்தச் சூடு. ஃபைனலுக்குப் பத்து வட்டம்.

"தாங்காது மாப்ள."

"மாமா! அவரே சரிங்கிறாரு. ஏழு படகு மாமா!"

"அவருக்குத் தெரியாது, சரிங்கிறாரு. எனக்குத் தெரியுதே. பத்து வட்டம் ஓடினா படகு ஜெயிக்கலாம். அதுக்கப்புறம் இது டைல்ஸ்ல ஓட்டை போடாது."

புல்தரையில் உட்கார்ந்து மெக்கானிக் திருகுகளைக் கழற்றினார். ஒன்று இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. டாக்டர் தன் பெட்டியிலிருந்து சின்ன இடுக்கி எடுத்து, "கொஞ்சம் விலகுங்க, பிடுங்குறது என் தொழில்" என்றார். ரேடியோ மட்டும் ஒற்றைச் செருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

தச்சரின் வேனிலேயே மோட்டாரை அதன் கூட்டில் பொருத்தி, சரிசெய்த பேட்டரியையும் மாட்டியாயிற்று. கைப்பிடி மாட்டும்போது அது சாயாமலிருக்க ரசமட்டம் வைத்துப் பார்க்க இன்னொரு கை வேண்டும் என்று மெக்கானிக்கும் கூடவே போனார். நான்கு ஓட்டைகளில் மூன்றாவதைப் போடும்போது ரேடியோ போனில் வந்தான்.

"டாக்டர் தனியாவே ஃபைனல் ஓட்டினாரு மாமா."

"ஜெயிச்சுட்டாரா?"

"எங்கே! தனியா ஓடியும் தாமரைக் கொடியில மாட்டிக்கிட்டாரு. நான்தான் இடுப்பளவு தண்ணியில இறங்கி எடுத்துக் கொடுத்தேன். என் செருப்பும் கிடைச்சுது." கோபமெல்லாம் குளத்திலேயே கரைந்துவிட்டதுபோலச் சிரித்தான்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டீச்சரை மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகக் குளியலறை வாசலுக்கு வந்து கைப்பிடியைப் பற்றி இழுத்துப் பார்த்தார். உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து இன்னொரு தரம் இழுத்தார். அது அசையவில்லை.

"யார் போட்டது?"

"நாங்க ரெண்டு பேரும்தாம்மா" என்றார் தச்சர்.

"நல்லாயிருங்க" என்றார் டீச்சர். மகளின் கையை மெல்ல விடுவித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரடி, இன்னோரடி வைத்து உள்ளே போய், மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திக்கொண்டார். மகள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தச்சர் தரையிலிருந்த தூளைக் கூட்ட ஆரம்பித்தார். மெக்கானிக் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.