ஒரே கதவு, இரண்டு கூலி

"அப்பா, போன வருஷம் சங்கத்துல நீங்க எதுக்கு ஓட்டுப் போட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்த ஆர்லனின் கத்தி நின்றது. மனைவி மார்வா உருளைக்கிழங்கு மசியலை மகள் பக்கம் தள்ளினாள். "முதல்ல சாப்பிடும்மா."

டெனிஸ் தொடவில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்துக் கார் ஆலையில் அவள் சேர்ந்து முதல் வாரம். அப்பா இடது கதவை மாட்டினார். எதிரே நின்று அவள் வலது கதவை மாட்டினாள். கூலி மட்டும் அவருடையதில் பாதி. புதிதாக வருகிறவர்களுக்கு அரைக்கூலி என்று நிர்வாகம் கேட்டபோது, சங்கத்து ஆட்களே வாக்களித்துச் சம்மதித்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் போட்டேங்கறாங்க. அப்புறம் எப்படி ஜெயிச்சுது?"

"கம்பெனி மூழ்குதுடி."

"மூழ்கடிச்சது நானா? பெட்ரோல் விலை ஏற ஏறப் பெரிய வண்டியாவே செஞ்சு தள்ளச் சொன்னது யாரு? சின்னக் கார் கேட்டவங்களை ஜப்பான்காரன்கிட்ட அனுப்புனது யாரு?"

"நிர்வாகத்துக்காரனுங்க எங்க பென்ஷனையும் வைத்தியச் செலவையும்தானே காரணம் காட்டுறானுங்க! உங்கம்மாவோட சர்க்கரை ஊசிய நிறுத்திருவாங்களோன்னு பயந்தேன்."

"அப்ப, சரின்னு போட்டிருக்கீங்க."

ஆர்லன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "யாரோ வரப்போற பசங்கன்னு நினைச்சேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் மனம்விட்டுப் பேசவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஆர்லன் ஓய்வுபெற்றார். கம்பெனி இன்னும் சரிந்தது. ஓய்வுபெற்றவர்களின் வைத்தியச் சலுகையை நிறுத்த வேண்டும் என்று நிர்வாகம் இப்போது கேட்டது. அவர்களுக்கு வாக்கு கிடையாது, வேலையில் இருப்பவர்களுக்குத்தான். மூத்தவர்கள் பலர் போய்விட்டதால், அதற்குள் அரைக்கூலி இளைஞர்களே ஆலையில் அதிகமாகியிருந்தார்கள்.

வாக்கெடுப்பு அன்று சங்க வாசலில் கிழவர்கள் கூடி நின்று, உள்ளே போகும் ஒவ்வொரு முகத்தையும் கண்களால் துழாவினார்கள். மகள் வந்தபோதும் ஆர்லன் அப்படித்தான் பார்த்தார். அவள் நிற்காமல் உள்ளே போனாள்.

தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் ஆலை கேன்டீனில் ஒரே சிரிப்பு. "கிழடுங்க நம்மள வித்தாங்கல்ல? வட்டியோட திருப்பிக் குடுத்தாச்சு!" என்றான் டைரல் என்ற இளைஞன். "உங்கப்பன் மூஞ்சியப் பாக்கணுமே, டெனிஸ்!"

டெனிஸ் எழுந்து நின்றாள்.

"நான் வேண்டாம்னுதான் போட்டேன். எங்கப்பா பண்ணது தப்பு. அதையே நீங்களும் பண்ணியிருக்கீங்க. நாளைக்குக் கம்பெனிக்காரன் கால்கூலிக்கு ஆள் எடுப்பான். நம்ம சோத்துல கை வைக்கலாமான்னு அவங்களையே ஓட்டுப் போடச் சொல்வான். அன்னைக்கும் இப்படித்தான் சிரிப்பீங்களா?"

சற்று முன்வரை தோளில் கை போட்டிருந்தவர்கள், பக்கத்தில் இருப்பவனை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.