மதலேனா பிரேக்கைக் கழற்றியதை மாற்றி எழுத மாட்டேன்

1.

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. நான் இதற்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய காரின் பின் ஆசனத்தில், மடியில் படிவங்களை வைத்துக்கொண்டு. 1936இல், கண்டியில் வாடகைக் கார்களைப் பரிசோதிக்கும் துரைக்குக் கிளார்க் நான். துரை பேசும் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் நான்தான். பெயர் தனபாலன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்டி வாவியின் மேல் மழை மெல்லிய திரையாக..."

அன்று மழையே இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "சுவக்கின் ஒரு குடிகாரன்..."

இதையும் அடித்தேன். ஆனால் மறைக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் பலர் இந்தக் கதையை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கினார்கள்.

2.

சுவக்கின் என்பவன் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக் கார் ஓட்டியவன். தோட்டத் துரை ஒருவர் ஒன்பது வருடம் ஓட்டிக் கழித்த அமெரிக்கக் கார் அது. கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக் அல்ல. குழாய்க்குள் எண்ணெய் ஓடி, அதன் அழுத்தத்தில் பிடிக்கிற பிரேக். மனைவி மதலேனா சட்டை தைப்பவள். தையல் மெசின் பழுதானால் தானே கழற்றித் தானே பூட்டுவாள்.

ஒரு பகல், ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து இரண்டு வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவொன்றில் பெடல் தரைவரை போய்விட்டது. இடப்பக்கம் மலைச்சரிவு, வலப்பக்கம் பள்ளம். சுவக்கின் சரிவோடு காரை மோதி நிறுத்தினான். வியாபாரிகளுக்குச் சிராய்ப்பு. அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு கராஜில் பிரேக் வேலை செய்வித்திருந்தான். கராஜ் முதலாளி (பெயர் போட மாட்டேன், பயத்தால் அல்ல, அவருக்கு இடம் கொடுக்க மனமில்லை) ஊரெல்லாம் சொன்னார்: "நம்ம வேலையில குறையில்ல. ஓட்டினவன் குடிச்சிருந்தான்."

சுவக்கின் கள்ளு வாசத்துக்கே தும்முகிறவன்.

பரிசோதனையில் தேறும்வரை அந்தக் கார் வாடகைக்கு ஓடக்கூடாது என்று உத்தரவாயிற்று. முதலாளியின் பேச்சைக் கேட்ட மற்றக் கராஜ்காரர்கள் காரைத் தொடவில்லை. பழைய இரும்பாக எடுத்துக்கொள்வதாக அதே முதலாளி ஆள் அனுப்பினார்.

3.

இங்கே சுவக்கினை வீரனாக்க ஆசைப்பட்டேன். அவன் ஒத்துழைக்கவில்லை. பிறகு மதலேனா எனக்குச் சொன்னபடி, அவர்கள் பேச்சு இதுதான்:

"வித்துருவோம், மதலேனா."

"வித்தா, குடிச்சிட்டுத்தான் மோதுனேன்னு நீங்களே கையெழுத்து வச்ச மாதிரி ஆயிரும்."

"வேற என்ன செய்ய? ஒரு கராஜும் தொட மாட்டேங்குது. எனக்குக் கையும் இல்ல."

"எனக்கு ரெண்டு இருக்கே."

"பொம்பள கார் அடியில படுத்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சவங்க வந்து பெடல மிதிக்கட்டும். அதுக்கு ஒரு ஆள் வேணும்."

(இந்த இடத்தில், கதையை வெளியிடக் கேட்ட பத்திரிகையின் பத்திராதிபர் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்: "வாசகர் நம்பமாட்டார். வேலையைக் கணவன் செய்யட்டும். மனைவி தேநீர் கொண்டுவரட்டும்." முறிந்த மணிக்கட்டோடு ஸ்பேனர் பிடிக்கும் கணவனை நம்புகிற வாசகர், முறியாத கைகளை நம்பமாட்டாரா? இந்தப் பத்திரிகையில் வராவிட்டால் போகட்டும்.)

4.

முன் சக்கரம் ஒன்றைக் கழற்றினாள். ஒரு பழஞ்சேலையை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். மற்றச் சக்கரத்தைத் தொடவில்லை. குழப்பம் வந்தால் பார்த்துப் பூட்ட ஒரு மாதிரி வேண்டுமே.

உள்ளே, எண்ணெயைத் தடுத்து நிற்கவேண்டிய ரப்பர் மூடிகள் தேநீரில் ஊறிய பாண் துண்டுபோல் உப்பிக் கிடந்தன. விரலில் தொட்டு மோந்தாள்.

"பிரேக் ஒயில்ல வெளக்கெண்ணெய் கலந்திருக்கும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. வெளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும்."

"மூணு புள்ளைக்குப் பேதிக்கு ஊத்துனவ நான். அந்த வாசம் எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. எஞ்சின் ஒயிலு."

சுவக்கின் குனிந்து மோந்து பார்த்தான். மூன்று வாரம் முன்பு கராஜில் ஊற்றியது அதுதான். எஞ்சின் ஒயில் ரப்பரைத் தின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பள்ளத்தில் போயிருக்கக்கூடிய மூன்று பேர் அந்த நாற்றத்தில் இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து ரயிலில் புது ரப்பர்களும் பிரேக் ஒயிலும் வந்தன. ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி ரப்பர்களை மாற்றினாள், குழாய்களை ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினாள். சக்கரத்தை உரசிப் பிடிக்கிற லைனிங் பட்டை தேய்ந்திருந்தது, அதைப் பெயர்த்துப் புதியதை அறைந்தாள். வேலிக்கு அப்பால் சிலர் நின்று சிரிக்கவும் செய்தார்கள். அவள் நிமிரவில்லை.

கடைசியாக, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அது தனி ஆளால் ஆகாது. அவன் ஏறி உட்கார்ந்தான், அவள் கீழே.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே புடிங்க." திருகைத் தளர்த்தினாள். குமிழி குமிழியாக எண்ணெய் வந்தது. திருகை இறுக்கினாள். "விடுங்க."

ஒரு சக்கரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லையாம். நாலாவது சக்கரம் முடிந்ததும் கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"பெடல் கல்லு மாதிரி நிக்குது, மதலேனா."

5.

பரிசோதனைக்குக் கார் ஓட்ட, கட்டுகஸ்தோட்டையிலிருந்து இன்னொரு டிரைவர், தாஸிம், வந்தார். ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு, கீழே பார்த்தார்.

"அக்கா, கோவிக்காதீங்க. எனக்கு நாலு புள்ளையள் ஈக்குது."

"எனக்கு மூணு இருக்கு. நானும் வண்டியிலதானே வாறேன்?" என்றாள் மதலேனா, கதவைச் சாத்தியபடி.

பரிசோதனைத் துரை முன்னால். நானும் அவளும் பின்னால். சரிவில் கார் வேகம் பிடித்தது. அடிவாரத்தில் காத்திருந்த சுவக்கின், ஓரத்தில் நிற்காமல் பாதையின் நடுவில் வந்து நின்றான். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு.

(நான் கற்பனை செய்திருந்தால், இது மிகை என்று அடித்திருப்பேன். அவன் நின்றான். நான் பார்த்தேன்.)

"ஒதுங்கு, ஒதுங்கு!" என்று தாஸிம் கத்தினார். துரையும் ஏதோ கத்தினார். மதலேனா மட்டும் அமைதியாகச் சொன்னாள்: "மிதிங்க."

கார் நின்றது. துரையின் தொப்பி கண்ணாடியில் போய் மோதியது. சுவக்கினுக்கும் காருக்கும் நடுவில் ஒருவர் நடந்து போகலாம், அவ்வளவு இடம்.

6.

துரையின் கந்தோரில், மேசைமேல் இருந்த படிவத்தில் ஒரு கட்டம்: பிரேக் வேலை செய்தவர் பெயர். நான் துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பெண் பெயர் போட்ட படிவத்தில் நான் கையெழுத்திட்டால் என்னைக் கிளப்பில் கேலி செய்வார்கள். கணவன் பெயரை எழுது."

எழுதினேன். அவளிடம், "எல்லாம் சரி அம்மா," என்று மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மோசமான கதை அந்த ஒற்றைப் பெயர்.

அவள் மேசைக்கு மேல் குனிந்தாள். "இது எஸ்ஸு. என் பேரு எம்முல வரும். துரைமார் சட்டைக் காலர்ல எத்தனை எழுத்துத் தைச்சிருப்பேன், எனக்குத் தெரியாதா?"

"கணவர் பேர் போட்டா சுலபமா முடியும்," என்றேன்.

"வாங்குன கெட்ட பேரு அவரோடது, நல்ல பேரும் அவரோடதுதான்னு நெனச்சா சரிதான். ஆனா செஞ்சது நான்."

சுவக்கினைப் பார்த்தேன், அவன் உதவுவான் என்று. அவன் சொன்னான்: "அவ பேருதாங்க. நான் மிதிச்சேன், அவ்வளவுதான்."

நான் படிவத்தைக் கிழித்தேன். புதிதாக ஒன்று எடுத்தேன். மதலேனா என்று எழுதி, துரையின் முன் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

7.

பத்திராதிபர் இரண்டு முடிவுகள் கேட்கிறார், பிடித்ததை அவர் எடுத்துக்கொள்வாராம். ஒன்றில் துரை மனம் இளகிக் கையெழுத்திடுகிறார். மற்றதில் மறுக்கிறார், குடும்பம்...

இல்லை. தரமாட்டேன்.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துக் கிடைத்தது என்றால், அதனால்தான் அவள் செய்தது சரி என்பீர்கள். கிடைக்கவில்லை என்றால், பெண் பிடிவாதத்தால் ஒரு குடும்பம் கெட்டது என்பீர்கள். கார் அந்தச் சரிவில் நின்றபோதே அவள் சரி. அதற்கு மேல் ஒரு கையெழுத்தும் அதைக் கூட்டாது, குறைக்காது.

ஆகவே துரையை எழுப்பி அனுப்பிவிட்டேன். அவருடைய கதிரை காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். எதிரே விரல் நகங்களில் கறுப்பு எண்ணெயோடு ஒருத்தி நிற்கிறாள். படிவம் உங்கள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

மை புதியது. கையெழுத்தைப் பார்த்துப் போடுங்கள், அழிக்க முடியாது.