சனிக்கிழமை வகுப்புக்கு வந்த காகங்கள்

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி லோடு ஏற்றும் பூவரசன் தன் மகளைச் ‘சனியனே’ என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ ஒரு காகம் வந்து அவன் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. தக்காளி விலை ஏறிய மாதம் கொஞ்சமாகவும், ரோட்டில் கொட்டிய மாதம் கூட்டமாகவும் வந்தன. இது ஊருக்கு ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. சனீஸ்வரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் தன் வண்டியை அனுப்பாமல் என்ன செய்வார்? அமாவாசைக்குக் காகம் தேடி அலைய வேண்டியதில்லை என்று அக்கம்பக்கத்தார் படையல் இலையோடு அங்கேயே வந்தார்கள். சிமெண்ட் சீட்டுக் கூரை நடுவில் குழிந்தது. பிள்ளையை மிருகத்தின் பேரால் கூப்பிடாத வீடு நம் பக்கத்தில் ஏது? இதை எழுதுகிறவனை அவன் அப்பா கூப்பிட்ட தடவையெல்லாம் ஒரு எருமை வந்திருந்தால், இந்நேரம் பால் பண்ணை வைத்து மரியாதையாகப் பிழைத்திருப்பான். எழுத வந்திருக்க மாட்டான்.

மகளின் பேர் யுவராணி. இரண்டாம் வகுப்பில் புது டீச்சர் அந்தப் பேரை வாசித்தபோது, ராணி யாரென்று பார்க்க அவளும் திரும்பிப் பின்னால் பார்த்தாள். டீச்சர் கிட்டே வந்து குனிந்தபோதுதான் கெண்டைக்காலில் சொட்டுநீர்க் குழாயால் அடித்த தடம் தெரிந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போனது. குழந்தைகள் நலக் குழு யுவராணியைத் தருமபுரியில் ஒரு இல்லத்தில் தங்க வைத்தது. பெற்றோருக்கான வகுப்பை முழுசாக முடித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு என்றது. அம்மா சோபனா ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் பஸ்ஸில் போகிறவள். அடி விழுந்த நேரமெல்லாம் தான் வேலையில் இருக்கவில்லை, சில நாள் அடுப்படியிலேயே நின்றிருந்ததாக யாரும் கேட்காமலே சொல்லி அழுதாள்.

வகுப்பு சனிக்கிழமைகளில்தான் நடந்தது. தருமபுரியில் வகுப்புக்குக் கிடைத்த ஹால் அன்றுதான் காலி. பூவரசன் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் காகங்களும் பறந்து வந்தன. “இதுங்களுக்கு டிக்கெட் யாருண்ணா எடுக்கறது?” என்றார் கண்டக்டர். தருமபுரியில் இறங்கிப் பார்த்தால் ஹால் வாசல் மாட்டுச் சந்தை மாதிரி இருந்தது. அரூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைத்த எருமைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் கன்னடம் பேசும் சென்னம்மாள் மகனைக் ‘கத்தே’ என்பாள். அவளைச் சுற்றிக் கழுதைகள் நின்றன. திட்டுக்கு மொழி பேதம் இல்லை.

வகுப்பு நடத்திய லூர்துமேரி சாணியைத் தாண்டி உள்ளே வந்து ஃபேனைப் போட்டாள். “திட்டக் கூடாதுன்னு பாடம் எடுக்க வரலைங்க. கோவம் வந்தா கையக் கட்டிக்கிட்டு வூட்ட வுட்டு வெளிய வந்து நில்லுங்க. புள்ள எங்கியும் ஓடிடாது. கோவம்தான் ஓடும். இப்ப ஒரே வேலை. அவங்கவங்க புள்ள பேரச் சொல்லுங்க.”

எல்லாரும் சொன்னார்கள். பூவரசன் வாயைத் திறந்தான். ‘கா’ என்றுதான் வந்தது.

“ஏனுங்ணா, பேரு வெச்சது நீங்களா, ரேசன் கடைக்காரனா?” என்றாள் சென்னம்மாள். ஹாலே சிரித்தது. பூவரசன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டான். பக்கத்து சீட்டில் ஒருத்தி தன் பிள்ளையைப் பேர் சொல்லி எழுப்புவதைக் கேட்டதும் இறங்கித் திரும்பி வந்தான். “வாங்ணா, உங்க சேர்ல காக்கா ஒக்காந்திருக்குது, நகத்திட்டு ஒக்காருங்க” என்றாள் அதே சென்னம்மாள்.

அன்றிலிருந்து மண்டியில் பெட்டி தூக்கும்போது எழுத்தெழுத்தாகப் பழகினான். முதல் பெட்டிக்கு ‘யு’, அடுத்ததற்கு ‘வ’. லோடு ஆட்களுக்கு அந்தத் தாளம் பிடித்துப்போனது, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேர் முழுசாக வந்த தடவையெல்லாம் மண்டிக்கும் கூடவே வந்த காகங்களில் ஒன்று எழுந்து பறந்துபோனது. விலை விழுந்த நாட்களில் வாய் பழையபடி போகும், போன காகமும் திரும்பி வரும். அப்போதெல்லாம் அவன் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றான். சொட்டுநீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் கொடுத்தான். கோடை முடிவதற்குள் கூரையில் ஒரே ஒரு காகம்தான் மிச்சம்.

இல்லத்தில் பிள்ளைகளைப் பார்க்க விடுகிற நாளன்று, வாசலிலேயே நின்று மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவன் அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டான்.

“யாரு, நானா?”

“ஆமாஞ் சாமி. நீதான்.”

அவள் கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தாள். கை கட்டித்தான் இருந்தது.

“இன்னொருவாட்டி சொல்லு.”

அவன் சொன்னான். சோபனாவும் சொன்னாள். வார்டன் கதவைச் சாத்தும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பள்ளி திறக்குமுன் குழு அவளை வீட்டுக்கு அனுப்பியது. லூர்துமேரி மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறாள். சென்னம்மாளின் மகனும் வீடு திரும்பிவிட்டான். மேஸ்திரியின் எருமைகளில் ஒன்று கறவையில் இருந்ததால் அதைப் போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அமாவாசைக்கு இலை வைக்க இடமில்லாமல் போச்சே என்று பூவரசன் வீட்டு அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள்.

மிச்சமிருந்த அந்த ஒரு காகம் போகவில்லை. குழிந்த கூரையில் உட்கார்ந்து, மண்டியில் கற்றுக்கொண்டதை விடிந்ததும் கத்துகிறது: “யுவராணி!” தெருவில் யாரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. உள்ளே பல் விளக்கிக்கொண்டிருக்கும் யுவராணி மட்டும், பின்னால் திரும்பிப் பார்க்காமல், “இரு, வரேன்” என்கிறாள்.