அலை வந்ததோ, அப்பா?

புரட்டாதிச் சனியும் அதுவுமாக, ஜெலி மிட்டாய்ப் பையோடு என் குசினிக்குள் நுழைந்தாள் தர்மிகா. தூரத்துக் கார்ஹிங்கில், பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்க இடம் கிடைத்த என் மகளுக்கு, அந்த மிட்டாயில் உள்ள ஜெலட்டின் மிருக எலும்பிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது.

“அதை வெளியிலை வை. திராட்சைப்பழம் இருக்கு, எடு,” என்றேன்.

அங்கே போய் என்னத்தைத்தான் படிக்கப்போகிறாய் என்று நான் நச்சரித்ததற்குத்தான் இந்த ஏற்பாடு. அலை எப்படிப் போகிறது என்று காட்டப்போகிறாளாம். நீளமான ஒட்டுநாடாவில் மரக்குச்சிகளை வரிசையாகக் குறுக்கே ஒட்டி, ஒவ்வொரு குச்சியின் இரண்டு நுனியிலும் ஒரு பழத்தைக் குத்தினாள். நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்தாள். மற்றதைத் தகப்பனிடம் கொடுத்தாள், அதுவும் வலது கையில்.

மாசியில் பாரிசவாதம் வந்து அவருடைய வலது கை விறைத்துப்போனது. கை அசையும், ஆனால் சுட்டாலும் தெரியாது. அப்பாவுக்குக் கை சரிவராவிட்டால் நாங்கள் இருக்கும் எசன் நகரை விட்டுப் போகமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றாள். போன கிழமைதான் இவர், “இப்ப உணர்வு வந்திட்டுது,” என்றார். நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். சந்தோஷத்தில் நான் அழுதும்விட்டேன்.

“அம்மா, உங்கடை பக்கத்துக் குச்சியை ஒருக்காத் தட்டுங்கோ.”

தட்டினேன். குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, அசைவு அவர் பக்கம் ஓடியது.

“பாத்தீங்களோ? பழம் நிண்ட இடத்திலைதான் நிக்குது. அசைவு மட்டும்தான் போகுது.”

உண்மையிலேயே வடிவாக இருந்தது. பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

“அப்பா, கண்ணை மூடுங்கோ. கைக்கு வந்த உடனை ஓம் எண்டு சொல்லுங்கோ.”

தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, “ஓம்,” என்றார். மறுபடியும் தட்டினேன். “ஓம்.” தர்மிகாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்றாம் முறை கையை ஓங்கினேன். காப்புகள் கிலுங்கின. அதற்குள் மேசையில் மிஞ்சிக் கிடந்த ஒரு பழம் உருண்டு விழ, அதை எடுக்க அவள் மேசைக்குக் கீழே குனிந்தாள். நான் தட்டாமல் நின்றுவிட்டேன்.

“ஓம்,” என்றார் அவர், கண்ணை மூடியபடி.

ஒரு குச்சிகூட அசைந்திருக்கவில்லை.

“அப்ப நான் நிம்மதியாப் போகலாம். ரெயினுக்குப் பதியிறன்,” என்று எழுந்து அறைக்குப் போனாள் தர்மிகா. அவள் எதையும் காணவில்லை.

“நான் தட்டேல்லை,” என்றேன் மெதுவாக.

அவர் கண்ணைத் திறந்தார். “காப்புச் சத்தம் கேட்டது.” நாடாவைக் கவனமாக மேசையில் வைத்தார். “பிள்ளை போகட்டும், சிவமலர்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடமும் அல்லவா மறைத்துவிட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஏசுவது? பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

“அம்மா, காலமை ரெயினோ, பின்னேர ரெயினோ?” என்று அறையிலிருந்து கேட்டாள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலமை ரெயினை எடு, பிள்ளை,” என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். “எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. ஒராளுக்காவது தெரிஞ்சிருக்கவேணும்.”

மேசைக்குக் கீழே அவருடைய வலது கையை எடுத்து இறுக்கிப் பிடித்தேன். அவருக்குத் தெரியவில்லை. என் தோள் சாய்ந்திருப்பதைக் கண்டு, குனிந்து பார்த்த பிறகுதான் சிரித்தார்.